சக்கர நாற்காலியும் அன்றாட வாழ்வும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சுற்றறிக்கை மொழிபெயர்ப்பிற்காக நம் மேசைக்கு வந்தது. உடல் இயக்கம் குன்றியோருக்கு அரசு வழங்கும் சலுகைகளைப் பற்றியது அது. அதிலிருந்த ஓர் ஆங்கிலத் தொடரைச் சற்றும் யோசியாமல் ‘சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடப்போர்’ என்று தமிழாக்கி அனுப்பிவிட்டோம். பல காலமாக அவ்வாறே எழுதி வந்திருந்தோமாதலால், அதில் பிழை ஏதும் இருக்கக் கூடும் என்ற ஐயமே நமக்கு எழவில்லை.

தலைநகரில் வேறோர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் தமிழ் நண்பர் ஒருவர் அச்சுற்றறிக்கையைப் படித்துவிட்டு நம்மைக் காண வந்தார். நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர் அவர். இருபத்தோராம் வயதில் மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இழந்தவர். “சார், நான் முடங்கிக் கிடந்தது கட்டிலில்; இரண்டு வருஷம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்த நாற்காலி வந்த பிறகுதான் வாசலைப் பார்த்தேன். நீங்கள் தலைகீழாக எழுதிவிட்டீர்களே!” என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை. ஆயினும் நமக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த பதிப்பில் ‘சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர்’ என்று திருத்தினோம். முடக்குவது எது, விடுவிப்பது எது என்று அன்று எழுந்த கேள்விக்குச் சரித்திரத்தில் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

எகிப்து தேசத்தில் சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற மருத்துவ ஏட்டுச் சுருள் ஒன்று உண்டு. 1862-ஆம் ஆண்டில் அதனை விலைக்கு வாங்கிய எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கரின் பெயரால் அது இன்று வழங்குகிறது. காயங்களைப் பற்றிய 48 நிகழ்ச்சிகள் அதில் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. கழுத்தெலும்பு பிசகியவன் கைகால்களின் உணர்ச்சியை இழப்பதையும், சிறுநீர் தானாகச் சொட்டுவதையும் அந்தப் பண்டை வைத்தியன் மிக நுட்பமாகக் குறித்திருக்கிறான். ஆனால் முடிவில், இது சிகிச்சை செய்தற்குரிய நோயன்று என்று தீர்ப்பளித்துவிடுகிறான். அந்தத் தீர்ப்பு ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் மாறவேயில்லை.

ஏன் மாறவில்லை என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம். தண்டுவடம் அடிபட்டவனைப் பெரும்பாலும் கொன்றது அந்தக் காயமன்று. அவனைக் கொன்றவை இரண்டு. ஒன்று, படுக்கைப் புண். நமக்கு ஓரிடத்தில் நெடுநேரம் உட்கார்ந்தால் உறுத்துகிறது. அறியாமலேயே சற்று நகர்ந்துகொள்கிறோம். உணர்ச்சியற்ற உடலுக்கு உறுத்தல் தெரியாது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையில் அகப்பட்ட சதையில் இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்திற்குள்ளேயே அச்சதை அழியத் தொடங்குகிறது. நாளடைவில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் குழிந்துவிடுகிறது. மற்றொன்று, சிறுநீர் தேக்கம். தானாக வெளியேறாத நீர் பையில் தங்கிக் கிருமி கண்டு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. முதல் உலக மகா யுத்தத்தில் முதுகில் குண்டடிபட்ட போர்வீரர்களுள் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இவ்விரண்டினால் மாண்டனர். பிழைக்க மாட்டான் என்று முடிவு செய்யப்பட்டவனைப் புரட்டிவிட யாரும் சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை. புரட்டிவிடாததனாலேயே அவன் பிழைக்கவுமில்லை.

இந்த வட்டத்தை உடைத்தவர்களுள் தலையாயவர் லுட்விக் குட்மன். 1899-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சைலீஷியப் பகுதியில் பிறந்த யூதர், நரம்பியல் மருத்துவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். 1944 பிப்ரவரி முதல் தேதியன்று, ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரின் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்ற போர்வீரர்களுக்கான தனிப்பிரிவு அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது. அவர் கையாண்ட முறையில் மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றார். சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க நள்ளிரவில் தாமே வார்டுக்கு வருவார். சிறுநீரைத் தூய முறையில் வடிக்கச் செய்தார். அச்சமயத்தில் பெனிசிலின் மருந்தும் கைவந்திருந்தது. சாகக் கிடந்தவர்கள் சாகாமல் எழுந்து உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்தவர்களை அவர் சும்மா இருக்க விடவில்லை என்பதுதான் விசேஷம். தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்த்தல் முதலிய தொழில்களைப் பயிற்றுவித்தார். பந்து விளையாடச் செய்தார். வில் வளைக்கச் செய்தார். லண்டன் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கிய 1948 ஜூலை 29-ஆம் தேதியன்றே, மருத்துவமனைத் தோட்டத்தில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்யும் போட்டியில் கலந்துகொண்டனர். அந்தச் சிறு விளையாட்டு 1960-இல் ரோமாபுரியில் 23 நாடுகளைச் சேர்ந்த சுமார் 400 பேர் கூடிய பெருவிழாவாக வளர்ந்தது. பாராலிம்பிக் என்று இன்று உலகம் அறிவது அதனையே.

உயிர் பிழைத்தவனுக்கு அடுத்து வேண்டுவது நகர்ந்து செல்ல ஒரு சாதனம். அதன் சரித்திரமும் சுவையானதே. அரசர்களும் பிரபுக்களும் பழங்காலந்தொட்டே பிறர் தள்ளும் சக்கர ஆசனங்களில் சென்றிருக்கின்றனர். தன்னைத் தானே செலுத்திக்கொள்ளும் வண்டியை அமைத்தவரோ ஒரு தொழிலாளி. ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்னும் ஜெர்மானியக் கடிகாரத் தொழிலாளி, கால்கள் செயலற்றவர், 1655-ஆம் ஆண்டில் தமது இருபத்திரண்டாம் வயதில் மூன்று சக்கர வண்டியொன்றைச் செய்தார். முன் சக்கரத்தைக் கைப்பிடியால் சுற்றினால் பற்சக்கரங்கள் வண்டியை நகர்த்தும். நம் நாட்டுத் தெருக்களில் கையால் சுற்றிச் செல்லும் மூன்று சக்கர வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடிகாரக்காரரை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில், வெந்நீர் ஊற்றுகளில் நீராட வந்த நோயாளிகளை இழுத்துச் செல்ல ஒருவகை நாற்காலி வண்டி புகழ்பெற்றது. ஆனால் இவையெல்லாம் பெருத்தவை, கனத்தவை. இன்று நாம் காணும் மடக்கு நாற்காலி 1933-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பிறந்தது. ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியாளர் ஒரு சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர். தம் நாற்காலியை மோட்டார் வண்டியில் ஏற்ற முடியவில்லையே என்பது அவர் குறை. நண்பரும் இயந்திரப் பொறியாளருமான ஹாரி ஜென்னிங்ஸ், எஃகுக் குழாய்களைப் பெருக்கல் குறி போல் இணைத்து, மடக்கி வண்டியின் பின்புறம் வைத்துக்கொள்ளும்படியான நாற்காலியை அமைத்துக் கொடுத்தார். வீட்டுக்குள் நகர்வதற்கு மட்டும் இருந்த சாதனம் அன்று முதல் ஊர் விட்டு ஊர் செல்லும் சாதனம் ஆயிற்று.

இக்கால கட்டத்திலேயே உலகின் மிகப் பெரிய பதவிகளுள் ஒன்றில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய ஒருவர் வீற்றிருந்தார். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921-இல், 39-ஆம் வயதில், இளம்பிள்ளை வாதம் எனக் கருதப்பட்ட நோயால் கால்கள் செயலிழந்தவர். 1933 முதல் 1945-இல் மறையும் வரையில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தார். சாதாரண நாற்காலியில் சிறு சக்கரங்களைப் பொருத்தி உபயோகித்தார். எனினும் நாற்காலியில் இருக்கும் நிலையில் அவரைப் படமெடுக்கப் பொதுவாக அனுமதிப்பதில்லை. பொது மேடைகளில் இரும்புத் தாங்கிகளைக் கால்களில் பூட்டி, பிறர் தோளைப் பற்றி நின்றார். 1997-இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட அவருடைய நினைவகத்தில்கூட நாற்காலி தெளிவாகத் தெரியும் சிலை இல்லை என்ற குறை எழுந்து, 2001-இல்தான் அத்தகைய சிலை ஒன்று வைக்கப்பட்டது. ஒரு யுத்தத்தையே நடத்திய மனிதர் ஒரு நாற்காலியை மறைக்க வேண்டியிருந்தது என்றால், வெட்கம் யாருடையது என்பதைச் சிந்திக்கலாம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1954 ஜனவரியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் உல்லாசப் பயணம் சென்ற வண்டி ஒன்று கவிழ்ந்தது. அதில் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் முகத்திலும் முதுகுத் தண்டிலும் பலத்த காயமுற்றார். உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்புக்குக் கீழே உடல் அவர் வசம் இல்லை. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. அக்கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சீர்படுத்தும் அறுவைச் சிகிச்சையில் வழிகாட்டியாக விளங்கிய டாக்டர் பால் பிராண்ட், கையில் செய்யும் அறுவைக்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம் என்று எடுத்துக்காட்டினார். முதுகெலும்பை நிலைநிறுத்தி உட்காரும் வலிமை பெறுவதற்காகவே பல சிகிச்சைகளுக்கு உட்பட்டு, மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைக் கூடத்திற்குள் சென்றார். தம் விரல்களை விரிக்க முடியாத தொழுநோயாளரும், தம் கால்களை அசைக்க முடியாத மருத்துவரும் எதிரெதிரே அமர்ந்த காட்சி அது.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் புனர்வாழ்வுப் பயிற்சி பெற்றார். அங்கிருந்து நியூயார்க் சென்று, இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் ஹோவர்டு ரஸ்க்கின் நிலையத்தில் கற்றார். தாயகம் திரும்பி வேலூரில் புனர்வாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே தண்டுவடம் அடிபட்டோருக்கான புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்திய அரசு 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் காலமானார். அந்நிலையத்தின் ஒரு வழக்கம் குறிப்பிடத்தக்கது. நோயாளியுடன் வீட்டார் ஒருவரும் அங்கே தங்கி, புரட்டிவிடுதல், புண் வராமல் காத்தல் முதலியவற்றைக் கற்றுக்கொள்கிறார். சென்றவர்கள் மறக்கப்படுவதுமில்லை, பழைய நோயாளிகளை ஆண்டுதோறும் ஒரு விழாவாகத் திரும்ப அழைத்து நலம் விசாரிக்கிறார்கள். ஸ்டோக் மாண்டவிலில் செவிலியர் செய்ததை இங்கே தாயும் மனைவியும் தம்பியும் செய்ய வேண்டியிருக்கிறது என்ற நம் நாட்டு நிலைமையை உணர்ந்து வகுத்த முறை இது.

1965-ஆம் ஆண்டுப் போர் மேலும் இருவரை நமக்கு அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு மே மாதத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் நின்ற மேஜர் ஹரிபால் சிங் அலுவாலியா, அதே ஆண்டில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தார். ஸ்டோக் மாண்டவிலில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய அவர், பிற்காலத்தில் டில்லி வசந்த் குஞ்ஜில் தண்டுவடக் காயங்களுக்கான பெரிய மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார், 2022-இல் காலமானார். அப்போரில் காயமுற்ற மற்றொரு வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததோ 2018-இல். இடையில் சென்ற ஆண்டுகள் 46.

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் தம் சொந்த ஊரில், தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சிறு கொட்டகையில் சில குழந்தைகளுடன் ஆரம்பித்த அது, இன்று சுற்று வட்டாரக் கிராமங்கள் பலவற்றுக்குச் சிகிச்சையும் கல்வியும் எட்டச் செய்யும் அமைப்பாக விளங்குகிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

பெரியோர்களைப் பற்றிச் சொன்னோம். ஆயினும் விருது பெறாத மனிதனின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதைச் சொல்லாவிடில் இந்தச் சரித்திரம் நிறைவுறாது. நம் நண்பரின் அனுமதியுடன் அதனைக் கூறுகிறோம்.

அலுவலகம் ஒன்பது மணிக்கு என்றால் அவர் ஐந்து மணிக்கு விழிக்க வேண்டும். முதல் வேலை, கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு இடுப்பின் பின்புறமும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. சிவப்பு இருந்து அழுத்தினால் வெளுக்காவிட்டால், அன்று உட்காரக் கூடாது. விடுப்பு எடுத்துக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். மேலதிகாரிக்கு அனுப்பும் விடுப்பு விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதுவது என்பது அவருடைய பழைய சங்கடம். பிறகு மலங்கழித்தல், உணர்ச்சியில்லாத குடலை நேரம் தவறாமல் பழக்கினால்தான் பகலில் அவமானம் நேராது. இதற்கே முக்கால் மணி நேரம் ஆகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரு வழவழப்பான பலகையின் மேல் கைகளை ஊன்றி நகர்ந்து வருகிறார். கால்கள் சில சமயம் தாமாகவே துள்ளி விறைக்கும். அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். கால்சட்டை அணிவது பத்து நிமிட வேலை.

நாற்காலியில் அமர்ந்த பின்னரும் கால் மணி அல்லது அரை மணிக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடலைத் தூக்கிப் பிடித்து இறக்குகிறார். பக்கத்து மேசைக்காரர்கள் இதனைத் தேகாப்பியாசம் என்று எண்ணியிருந்தார்களாம். உண்மையில் அது ஸ்டோக் மாண்டவில் இரவுகளில் செவிலியர் செய்த பணியே. இவர் தாமே தமக்குச் செய்துகொள்கிறார். மடியில் சூடான தேநீர்க் குவளையை வைப்பதில்லை, சுட்டால் தெரியாது. டில்லிக் குளிரில் கணப்புக்கு அருகில் கால்களை நீட்டுவதில்லை, காரணம் அதுவே. கழுத்தருகே அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சுரப்பதும் குறைந்துவிடுவதால், வடநாட்டுக் கோடை அவர்களுக்கு வெறும் அசௌகரியமன்று, ஆபத்தாகும்.

அடுத்தது சிறுநீர். நான்கு அல்லது ஐந்து மணிக்கு ஒருமுறை மெல்லிய வடிகுழாயைத் தாமே செலுத்தி வடித்துக்கொள்கிறார். இந்த எளிய வழக்கத்திற்கும் ஒரு சரித்திரம் உண்டு. கிருமி நீக்கிய கையுறையும் கருவிகளும் இல்லாமல் இதனைச் செய்யக் கூடாது என்பதே நெடுங்காலக் கொள்கை. எனவே ஒவ்வொரு முறையும் மருத்துவமனை உதவி வேண்டியிருந்தது. அல்லது குழாயை நிரந்தரமாக வைத்துக் கிருமிக்கு இடங்கொடுக்க நேர்ந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஜாக் லாப்பிடஸ் 1972-இல், கைகளைச் சோப்பிட்டுக் கழுவிச் சுத்தமாகச் செய்தால் போதும், பையில் நீரைத் தேங்க விடாமல் நேரத்தோடு வடிப்பதே முக்கியம் என்று நிறுவினார். அன்று முதல் தண்டுவடம் அடிபட்டவன் மருத்துவமனைச் சுவரை விட்டு வெளியேறி, அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்க வழி பிறந்தது. மடக்கு நாற்காலி அவனை வாசலுக்குக் கொண்டுவந்தது என்றால், இந்தச் சிறு குழாய் அவனை மாலை வரையில் வெளியே இருக்கச் செய்தது.

ஆனால் வடித்துக்கொள்ள ஓர் அறை வேண்டுமே! சக்கர நாற்காலியின் அகலம் ஏறக்குறைய இரண்டேகால் அடி. நம் கட்டடங்களில் கழிப்பறைக் கதவு பெரும்பாலும் இரண்டடி. மூன்றங்குலக் குறைவினால் ஒரு மனிதனின் ஒரு நாள் உத்தியோகம் நின்றுவிடுகிறது. முன்பு பணியாற்றிய கட்டடத்தில் காலையிலிருந்து தண்ணீர் அருந்தாமல் இருந்து பழகினார் நம் நண்பர். அதனால் சிறுநீரகத்தில் கல் உண்டாகி இருமுறை மருத்துவமனையில் கிடந்தார். அவர் தண்டுவடம் அடிபட்டது ஒரே ஒரு முறை. கதவு அடித்ததோ தினந்தோறும்.

இங்கேதான் நம் முதற் கேள்விக்கு விடை தென்படுகிறது. ‘முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல’ என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. தேன் கொம்பில் இருப்பது இயற்கை. அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் அஞ்சலகமும் வங்கியும் பள்ளிக்கூடமும் வாக்குச் சாவடியும் கொம்புத் தேன் அல்ல. அவற்றுக்கு முன்னே படிகளை வைத்தது மனிதனே. இந்த உண்மையை உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் எட் ராபர்ட்ஸ். பதினான்காம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த அவர், 1962-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தங்க இடமில்லாமையால் மாணவர் மருத்துவமனையிலேயே குடியிருந்து படித்தார். 1972-இல் அந்நகரில் தற்சார்பு வாழ்க்கைக்கான மையம் தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பரிவு வேண்டாம், நடைபாதையின் ஓரத்தை வெட்டிச் சாய்த்துத் தாருங்கள் என்பதே அந்த இயக்கத்தின் சாரம்.

நம் நாட்டில் அதே குரலை எழுப்பியவர் ஜாவேத் அபீதி. பிறவியிலேயே முதுகெலும்புக் குறையுற்றுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர், 2018-இல் மறைந்தார். 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தபோது, அவர் காண விரும்பிய குதுப் மினார் முதலிய புராதனச் சின்னங்களில் அவசர அவசரமாக மரச் சாய்தளங்கள் போடப்பட்டன. ஒரு விருந்தினருக்காகச் சில தினங்களில் செய்ய முடிந்ததை நாட்டு மக்களுக்காக ஏன் செய்யக் கூடாது என்ற வினா அப்போது எழுந்தது. மறு ஆண்டு டிசம்பரில் ஓடத் தொடங்கிய டில்லி மெட்ரோ ரயிலில் தூக்கி இயந்திரங்களும் சாய்தளங்களும் ஆரம்பம் முதலே அமைந்தன. நம் நண்பர் தனியாகப் பிரயாணம் செய்தது அந்த ரயிலில்தான். அன்று எங்கே போனீர்கள் என்று கேட்டோம். எங்கும் போகவில்லை, கடைசி நிலையம் வரை போய்த் திரும்பினேன் என்றார்.

தமிழக அரசு 2010-இல் ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை வழக்குக்குக் கொணர்ந்தது. நம் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது ஒரு நல்ல கொடை. சட்டமும் முன்னேறியது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் புதிய சட்டம், அரசுப் பணிகளில் இட ஒதுக்கீட்டை நூற்றுக்கு 3-லிருந்து 4-ஆக உயர்த்தியது. பொதுக் கட்டடங்கள் யாவும் விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் நுழையத்தக்கனவாக வேண்டும் என்றும் பணித்தது. விதிகள் 2017-இல் வெளியாயின. கெடு 2022-இல் முடிந்தது. படிகளோ பல இடங்களில் அப்படியே நின்றன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், வெறும் வழிகாட்டுதலாக இருப்பது போதாது, மீற முடியாத கட்டாய விதிகள் வேண்டும் என்று மத்திய அரசுக்குக் கூறியது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் இயக்கக் குறையுடையோர் 54 இலட்சத்திற்கு மேற்பட்டவர். இவர்களுள் எத்தனை பேரை நாம் தெருவில் காண்கிறோம்? காணாததனாலேயே இல்லை என்று எண்ணி, மறுபடியும் படிகளையே கட்டுகிறோம்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு என்று தோன்றுகிறது. நம்மில் பலர் இங்கே உழைத்துச் சேர்த்த பணத்தில் சொந்த ஊரில் வீடு கட்டுகிறோம். ஓய்வுக் காலத்தை அங்கே கழிக்க எண்ணுகிறோம். வயது முதிர்ந்த தாய் தந்தையரை அவ்வீட்டில் குடியமர்த்துகிறோம். பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ எந்த வீட்டுக்கும் வரக் கூடும். வீடு கட்டும் காலத்தில் கதவுகளை மூன்றடி அகலத்துக்கு வைக்கக் கொத்தனார் கூடுதலாகக் கேட்பது ஏதுமில்லை. கழிப்பறையில் நாற்காலி திரும்ப ஐந்தடி இடம் விடுதல், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் வாசலில் ஒரு சாய்தளம், இவையே வேண்டுவன. பின்னர் இடித்துச் செய்வதானால் பன்மடங்கு செலவாகும்.

நம் நண்பரின் பூர்விக வீட்டுக்கு இரண்டு படிகள். விபத்துக்குப் பின் ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணனும் அண்டை வீட்டாரும் நாற்காலியோடு தூக்கி முன்கூடத்தில் வைப்பார்கள். அடுக்களைக்குச் செல்ல மற்றொரு நிலைப்படி. பலரையும் அடிக்கடி தொந்தரவு செய்யக் கூசி அவர் கூடத்திலேயே இருந்துவிடுவார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். பதினாறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. சில ஆண்டுகளுக்கு முன் அண்ணன் வீட்டைப் பழுது பார்த்தபோது, வாசலில் சிமெண்டுச் சாய்தளம் ஒன்று போட்டு, உள் நிலைப்படியையும் எடுத்துவிட்டார். அந்த முறை நண்பர் யாரையும் அழைக்காமல் தாமே அடுக்களைக்குள் சென்று, அடுப்படியில் இருந்த அம்மாவின் அருகில் நின்றார் — உட்கார்ந்தபடியேதான். எனினும் ‘நின்றேன்’ என்றுதான் நம்மிடம் சொன்னார். மொழிபெயர்ப்பாளராகிய நாம் அதனைத் திருத்தவில்லை.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. மகன் ஊருக்கு வருவது இரண்டாண்டுக்கு ஒருமுறை. அந்தச் சாய்தளத்தைத் தினமும் பயன்படுத்துவது அவர்களே.